வெய்மிங் ஏரி: பெயர் சூட்டப்படாத ஏரியும் அதன் மாணவர்களும்

வெய்மிங் ஏரி என்பது சீனத் தலைநகர் பெய்ஜிங்கின் வடமேற்கில், ஹைதியன் பகுதியிலுள்ள பீக்கிங் பல்கலைக்கழக வளாகத்தின் வடபகுதியில் அமைந்துள்ள ஏரியாகும். சீன மொழியில் "வெய்" என்பது "இன்னும் இல்லை" எனவும், "மிங்" என்பது "பெயர்" எனவும் பொருள்படும். ஆகவே இதன் பெயருக்கு "இன்னும் பெயர் சூட்டப்படாத ஏரி" என்பது பொருள்.

பரப்பளவில் இது பெரிய ஏரி அன்று. நடுவே ஒரு சிறு தீவும், தென்கிழக்குக் கரையருகே 13 அடுக்குகள் கொண்ட கோபுரமும், சுற்றிலும் அலரி மரங்களும் கொண்ட அமைதியான நீர்நிலை. எனினும் சீனாவின் பல்கலைக்கழக ஏரிகளுள் இதுவே மிகவும் புகழ்பெற்றது எனலாம். அரசவை அமைச்சர், இளவரசர் குடும்பம், படைத்தலைவர், அமெரிக்க மறைப்பணிச் சபைகள், ஜப்பானியப் படை, மக்கள் சீன அரசு எனப் பலர் கைக்கு இந்த இடம் மாறி மாறிச் சென்றது. 1926 முதல் அதன் கரையில் வாழ்ந்தும் படித்தும் சென்ற மாணவர்களே அதற்கு நிலையான பொருளைத் தந்தனர். அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

அமைவிடமும் நீர்வளமும்

பெய்ஜிங் பொதுவாக மழை குறைந்த, வறண்ட நகரம். ஆனால் அதன் வடமேற்கே உள்ள மேற்கு மலைகளின் அடிவாரத்தில் ஒரு காலத்தில் நீரூற்றுகள் மிகுந்திருந்தன. தாழ்வான நிலங்களில் அந்த நீர் தேங்கிக் குளங்களாகவும் சதுப்பு நிலங்களாகவும் நின்றது. "ஹைதியன்" என்ற பெயரிலுள்ள "தியன்" என்ற சொல்லே ஆழமற்ற ஏரியைக் குறிப்பதாகும்.

நீரும் மலைக்காட்சியும் ஒருங்கே கிடைத்ததால் மிங் அரசமரபுக் காலத்திலிருந்தே செல்வந்தர்களும் அதிகாரிகளும் இங்குத் தோட்டங்கள் அமைத்தனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீ வான்ஜோங் என்ற அதிகாரி அமைத்த ஷாவ்யுவான் தோட்டம், இன்றைய பல்கலைக்கழக வளாகத்தின் தென்மேற்குப் பகுதியில் இருந்தது. பின்னர் சிங் பேரரசர்கள் இதன் அருகிலேயே யுவான்மிங்யுவான் எனப்படும் பழைய கோடை அரண்மனையை அமைத்தபோது, அதனைச் சுற்றி இளவரசர்களுக்கும் அமைச்சர்களுக்கும் தோட்டங்கள் வழங்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான ஷுசுன்யுவான் தோட்டத்தின் நீர்ப்பகுதியே இன்றைய வெய்மிங் ஏரி.

அமைச்சர் ஹேஷென்னின் தோட்டம்

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சியான்லாங் பேரரசர் இத்தோட்டத்தைத் தமக்கு மிகவும் வேண்டியவரான ஹேஷென் என்ற அமைச்சருக்கு வழங்கினார். சீன வரலாற்றில் ஊழலுக்குப் பெயர்போனவர் ஹேஷென். அவர் காலத்தில் ஏரி தோண்டப்பட்டது. அந்த மண்ணைக் கொண்டு கரைகளில் சிறு குன்றுகள் எழுப்பப்பட்டன. ஏரியின் நடுவே தீவும், அதன் அருகே கல்லால் ஆன படகும் அமைக்கப்பட்டன. கல்படகு என்பது அரச தோட்டங்களுக்கே உரிய சின்னமாகக் கருதப்பட்டது.

1799 பிப்ரவரியில் சியான்லாங் மறைந்தார். இரண்டே வாரங்களில் அவர் மகன் ஜியாசிங் பேரரசர் ஹேஷென்னைக் கைது செய்து, 20 குற்றங்களைப் பட்டியலிட்டு, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார். ஹேஷென்னின் தோட்டம் பேரரசரின் யுவான்மிங்யுவான் தோட்டத்துக்கு நிகராக அலங்கரிக்கப்பட்டிருந்தது என்பதும் அந்தக் குற்றங்களுள் ஒன்று. இன்று மாணவர்கள் அமர்ந்து படிக்கும் இந்த ஏரிக்கரையின் அழகு, ஒரு காலத்தில் மரண தண்டனைக்குரிய குற்றச்சாட்டில் இடம்பெற்றிருந்தது.

பின்னர் தோட்டம் அரச குடும்பத்தாரிடையே பிரிக்கப்பட்டு, ஏரிப் பகுதி இளவரசர் ருய் குடும்பத்துக்குச் சென்றது. 1860இல் இரண்டாம் அபினிப் போரின்போது பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் யுவான்மிங்யுவானைத் தீயிட்டு அழித்தன. சுற்றியிருந்த தோட்டங்களும் சேதமுற்றன. கல்படகின் மேலிருந்த மரக்கட்டுமானம் அழிந்து கல்லடித்தளம் மட்டும் எஞ்சியது. அந்த அடித்தளத்தை இன்றும் தீவின் ஓரத்தில் காணலாம்.

யென்ச்சிங் பல்கலைக்கழகத்தின் வருகை

1919இல் பெய்ஜிங்கில் இருந்த சில கிறித்தவக் கல்லூரிகள் இணைந்து யென்ச்சிங் பல்கலைக்கழகம் உருவானது. அதன் தலைவராகப் பொறுப்பேற்ற ஜான் லெய்ட்டன் ஸ்டூவர்ட், அமெரிக்க மறைப்பணியாளர் குடும்பத்தில் சீனாவின் ஹாங்சோவில் 1876இல் பிறந்தவர். சீன மொழியைச் சரளமாகப் பேசுபவர். நகருக்குள் இருந்த கட்டடங்கள் போதாததால் அவர் புதிய இடம் தேடினார். அப்போது இத்தோட்டம் ஷாங்சி மாகாணத்தின் படைத்தலைவராக இருந்த சென் ஷுஃபானிடம் இருந்தது. ஸ்டூவர்ட் நேரில் சென்று பேசி, 60,000 வெள்ளி டாலருக்கு அதை வாங்கினார். அத்தொகையில் மூன்றில் ஒரு பங்கைச் சென், மாணவர் உதவித்தொகைக்கென்று திருப்பி அளித்தார்.

வளாகத்தை வடிவமைத்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஹென்றி கில்லம் மர்ஃபி. அவர் கற்காரையால் நவீனக் கட்டடங்களை எழுப்பி, அவற்றின் மேல் சீன அரண்மனைகளைப் போன்ற வளைந்த கூரைகளை அமைத்தார். மேற்கு வாசலிலிருந்து செல்லும் வளாகத்தின் மைய அச்சை, தொலைவில் தெரியும் யூசுவான் குன்றின் கோபுரத்தை நோக்கி அமையுமாறு வகுத்தார். சீரழிந்து கிடந்த ஏரி மீட்கப்பட்டு வளாகத்தின் நடுப்பகுதியானது. 1926இல் மாணவர்கள் இங்குக் குடியேறினர். வடகரையில் ஆண்கள் விடுதிகளும், ஏரிக்குத் தெற்கே பெண்கள் விடுதி முற்றங்களும் அமைந்தன. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பது சீனாவில் அப்போது புதுமை. இரு பகுதிகளுக்கும் இடையில் இருந்த ஏரிக்கரையே அவர்கள் சந்தித்துப் பேசும் பொது இடமாயிற்று.

கோபுர வடிவில் ஒரு நீர்த்தொட்டி

ஏரியின் தென்கிழக்கில் நிற்கும் போயா கோபுரத்தைப் பழைய பௌத்தக் கோபுரம் என்றே முதன்முறை வருவோர் எண்ணுவர். உண்மையில் அது வளாகத்துக்குக் குடிநீர் வழங்க 1924இல் கட்டப்பட்ட நீர்த்தொட்டி. ஆழ்துளைக் கிணற்றுநீரை மேலேற்றி விநியோகிக்க உயரமான தொட்டி தேவைப்பட்டது. பழைய தோட்டத்தின் நடுவே இரும்புத் தொட்டி நின்றால் காட்சி கெடும் என்பதால், பெய்ஜிங்கின் கிழக்கே தோங்சோவில் உள்ள பழைய ரன்தெங் கோபுரத்தை முன்மாதிரியாகக் கொண்டு இதை எழுப்பினர். உயரம் 37 மீட்டர். மெய்யியல் பேராசிரியர் லூசியஸ் போர்ட்டரின் உறவினர் நன்கொடை அளித்ததால், போர்ட்டர் குடும்பத்தின் சீனப் பெயரான "போ" என்பதைக் கொண்டு இது அழைக்கப்பட்டது. பின்னர் "பரந்த அறிவும் பண்பும்" எனப் பொருள்படும் "போயா" என்ற சொல்லாக அப்பெயர் மாறியது.

மாணவர் பேச்சுவழக்கில் இக்கோபுரத்துக்கும் ஏரிக்கும் ஒரு சிலேடை உண்டு. வளாகத்தின் மூன்று சின்னங்களான கோபுரம், ஏரி, நூலகம் ஆகியவற்றைச் சுருக்கி "யீ தா ஹூ தூ" என்பர். "ஒரு கோபுரம், ஏரி, நூலகம்" என்பது இதன் பொருள். இதே ஒலியுடைய மற்றொரு சீனத் தொடருக்கு "ஒரே குளறுபடி" என்று பொருள். தங்கள் பெருமைக்குரிய மூன்றையும் ஒரே சொல்லில் புகழ்ந்து, கேலியும் செய்துகொள்வது மாணவர் குறும்பு.

பெயர் வந்த கதை

தொடக்கத்தில் ஏரிக்கு நிலையான பெயர் இல்லை. 1930இல் வரலாற்றறிஞர் சியான் மூ யென்ச்சிங்கில் ஆசிரியராகச் சேர்ந்தார். அவர் தம் நினைவுக் குறிப்புகளில் இதன் கதையைப் பதிவு செய்துள்ளார். புதிய ஆசிரியர்களை விருந்துக்கு அழைத்த ஸ்டூவர்ட், வளாகத்தைப் பற்றிய கருத்தைக் கேட்டார். சீனமயமாகிறோம் என்று சொல்லும் பல்கலைக்கழகம், கட்டடங்களுக்கு "எம்", "எஸ்" என ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைத்திருப்பது ஏன் என்று சியான் மூ கேட்டார். அதன் பின்னர்க் கூட்டம் கூட்டிக் கட்டடங்களுக்குச் சீனப் பெயர்கள் சூட்டப்பட்டன. ஏரிக்கும் பலர் பல பெயர்களைப் பரிந்துரைத்தனர். எதுவும் அனைவருக்கும் ஏற்புடையதாக இல்லை. முடிவில் சியான் மூவின் யோசனைப்படி "வெய்மிங்" என்றே பெயர் நிலைத்தது.

"பெயரில்லாதது" என்பதற்கும் "இன்னும் பெயர் சூட்டப்படாதது" என்பதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது முடிந்துபோன செய்தி. பின்னது இனி நடக்கவிருப்பதற்கு இடம் வைப்பது. இன்னும் தமக்கெனப் பெயர் ஈட்டாத, இனிமேல் ஈட்டப்போகும் இளைஞர்களுக்கு இப்பெயர் மிகவும் பொருந்தியது. தலைமுறைதோறும் மாணவர்கள் இதைத் தங்கள் பெயராகவே கொண்டதற்கு இதுவே காரணம்.

ஏரிக்கரையும் நாட்டின் துயரமும்

அழகிய வளாகம் என்பதால் இங்கிருந்தோர் நாட்டு நடப்பை அறியாதிருந்தனர் என்று கருதலாகாது. புதிய வளாகத்துக்கு இடம்பெயரச் சில மாதங்களே இருந்த நிலையில், 1926 மார்ச் 18 அன்று பெய்ஜிங்கில் அரசு மாளிகை முன் திரண்ட மாணவர் ஊர்வலத்தின் மீது காவற்படை சுட்டது. இறந்தோருள் யென்ச்சிங் மாணவி வெய் ஷியியும் ஒருவர். அவர் புதிய வளாகத்தைக் காணவேயில்லை. அவருடைய சக மாணவர்கள் 1927இல் அங்கு அவருக்கு நினைவுக்கல் நட்டனர். அக்கல் இன்றும் வளாகத்தில் உள்ளது.

1935 டிசம்பர் 9 அன்று, வட சீனாவில் ஜப்பானின் ஆக்கிரமிப்பை எதிர்த்து பெய்ஜிங் மாணவர்கள் போராட்டம் நடத்தினர். யென்ச்சிங் மாணவர்களும் அருகிலுள்ள சிங்குவா பல்கலைக்கழக மாணவர்களும் கடுங்குளிரில் நகரை நோக்கி நடந்தனர். மேற்கு நகர வாயிலான சிஜிமென் அவர்களுக்கு அடைக்கப்பட்டது. மாணவர்கள் வாயிலுக்கு வெளியே நின்று மக்களிடம் பேசினர். அன்றைய யென்ச்சிங் மாணவர் தலைவர்களுள் ஒருவரான ஹுவாங் ஹுவா பிற்காலத்தில் சீன வெளியுறவு அமைச்சரானார். அங்கு இதழியல் கற்பித்த அமெரிக்கச் செய்தியாளர் எட்கர் ஸ்னோ இம்மாணவர்களுக்கு நெருங்கிய நண்பர்.

1937இல் ஜப்பான் பெய்ஜிங்கைக் கைப்பற்றியதும் பீக்கிங், சிங்குவா பல்கலைக்கழகங்கள் தெற்கே இடம்பெயர்ந்தன. அமெரிக்க நிறுவனம் என்பதால் யென்ச்சிங் மட்டும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து இயங்கியது. 1941 டிசம்பர் 8 அன்று, பேர்ல் துறைமுகத் தாக்குதல் செய்தி வந்த நாளிலேயே, ஜப்பானியப் படை வளாகத்துக்குள் நுழைந்து அதை மூடியது. ஆசிரியர்களும் மாணவர்களும் சிறை சென்றனர். ஸ்டூவர்ட் 1945 ஆகஸ்டு வரை காவலில் வைக்கப்பட்டார்.

கைதானவர்களுள் ஹோ ரென்ஜி என்ற இளம் ஆசிரியரும் ஒருவர். 1932இல் மாணவராக இங்கு வந்த அவர், ஜப்பானியரை எதிர்க்க ரகசியமாக வெளியேறிய மாணவர்களுக்கு உதவியவர். பிற்காலத்தில் அவர் சீனாவின் தலைசிறந்த வரலாற்றுப் புவியியலாளராக விளங்கினார். ஒவ்வொரு குளமும் குன்றும் எந்தத் தோட்டத்துக்குரியது என்பதை ஆராய்ந்து இவ்வளாகத்தின் வரலாற்றை நூலாக எழுதினார். 2013இல் 101 வயதில் மறையும் வரை அவர் இந்த வளாகத்தோடு பிணைந்தே இருந்தார்.

1952: மாறிய பெயர், மாறாத ஏரி

போருக்குப் பின் 1945இல் யென்ச்சிங் மீண்டும் ஏரிக்கரைக்குத் திரும்பியது. ஆனால் 1949இல் மக்கள் சீனக் குடியரசு அமைந்த பின்னர் அமெரிக்க மறைப்பணி நிறுவனங்களுக்கு இடமில்லாமற் போயிற்று. 1952இல் நாடு முழுவதும் உயர்கல்வி மறுசீரமைக்கப்பட்டபோது யென்ச்சிங் பல்கலைக்கழகம் கலைக்கப்பட்டது. அதன் துறைகள் பிற நிறுவனங்களில் இணைக்கப்பட்டன. 1898இல் தொடங்கப்பட்ட பீக்கிங் பல்கலைக்கழகம், நகர நடுவிலிருந்த தன் பழைய இடத்தை விட்டு இவ்வளாகத்துக்கு வந்தது. அன்றுமுதல் வெய்மிங் ஏரி அதன் ஏரியாயிற்று. இன்று பீக்கிங் பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் அடையாளமாக இது உலகெங்கும் அறியப்பட்டாலும், அப்பல்கலைக்கழகத்தின் முதல் அரை நூற்றாண்டில் அதற்கும் இந்த ஏரிக்கும் தொடர்பே இல்லை என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சி இவ்வளாகத்தையும் கடுமையாகத் தாக்கியது. பேராசிரியர்கள் பலர் பொதுவில் அவமதிக்கப்பட்டனர். ஏரிக்குத் தெற்கே உள்ள ஆசிரியர் குடியிருப்பில் 1968 டிசம்பரில் வரலாற்றறிஞர் ஜியான் போசானும் அவர் மனைவியும் தற்கொலை செய்துகொண்டனர்.

அதே கொடுமைகளிலிருந்து உயிர் தப்பியவர் வடமொழி அறிஞர் ஜி சியான்லின். பேராசிரியர் பணியிலிருந்து விலக்கப்பட்டு விடுதி வாயிற்காவலராக அமர்த்தப்பட்டிருந்த காலத்தில், 1973 முதல் 1977 வரை அவர் வால்மீகி இராமாயணத்தை வடமொழியிலிருந்து சீனத்துக்கு மொழிபெயர்த்தார். அது 1980களின் தொடக்கத்தில் வெளிவந்தது. 2008இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. அவர் வாழ்ந்த வீடு வெய்மிங் ஏரிக்கு வடக்கே இருந்தது. வீட்டின் முன்னிருந்த குளத்தில் அவர் தூவிய தாமரை விதைகள் சில ஆண்டுகளுக்குப் பின் முளைத்து நிறைந்தன. அதை மற்றொரு பேராசிரியர் "ஜி தாமரை" என்று பெயரிட்டு அழைத்தார்.

கரையில் இரு நினைவுகள்

ஏரியின் தென்கரையில் எளிய வெண்கல் ஒன்று உள்ளது. சீனப் புரட்சியாளர்களைப் பற்றி உலகுக்கு அறிவித்த எட்கர் ஸ்னோவின் அஸ்தியில் ஒரு பகுதி 1973 அக்டோபர் 19 அன்று இங்குப் புதைக்கப்பட்டது. அவருடைய விருப்பப்படியே இது நடந்தது. பிரதமர் சூ என்லாய் அந்நிகழ்வில் கலந்துகொண்டார்.

இதே வளாகத்தில் தம் மனைவியின் அருகில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று ஸ்டூவர்ட்டும் விரும்பியிருந்தார். இடத்தை வாங்கியவரும், நிதி திரட்டியவரும், ஏரியை மாணவர்க்கு உரியதாக்கியவரும் அவரே. ஆனால் அவர் 1946 முதல் சீனாவுக்கான அமெரிக்கத் தூதராகப் பணியாற்றியவர். 1949 ஆகஸ்டில் அவர் சீனாவை விட்டு வெளியேறியபோது, மாவோ அவர் பெயரைத் தலைப்பிலேயே வைத்து எழுதிய கட்டுரை பிற்காலத்தில் சீனப் பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற்றது. 1962இல் வாஷிங்டனில் மறைந்த ஸ்டூவர்ட்டின் அஸ்தி, 46 ஆண்டுகளுக்குப் பின் 2008இல் அவர் பிறந்த ஹாங்சோவில் அடக்கம் செய்யப்பட்டது. ஏரிக்கரையில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் வாழ்ந்த லின்ஹூ சுவான் இல்லம் மட்டும் தென்கரையில் நிற்கிறது. எழுத்தாளர் பிங் சின், சமூகவியலாளர் வூ வென்சாவ் ஆகியோரின் திருமணத்தை 1929இல் அவர் நடத்திவைத்தது அந்த இல்லத்தில்தான்.

மாணவர்கள் விட்டுச்சென்றவை

ஏரி நீரிலிருந்து வால் நிமிர்த்தி எழும் கல்மீன் ஒன்று உண்டு. யுவான்மிங்யுவானின் நீரூற்று ஒன்றை அலங்கரித்த அது, அரண்மனை அழிந்தபின் இடம் மாறியது. 1930இல் பட்டம் பெற்ற யென்ச்சிங் மாணவர்கள் பணம் சேர்த்து அதை வாங்கிப் பல்கலைக்கழகத்துக்குப் பிரிவுப் பரிசாக அளித்தனர். கொள்ளையும் தீயும் சிதறடித்த அரண்மனையின் ஒரு துண்டை மாணவர்களே மீட்டு நீரில் சேர்த்தனர்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் இதைப்போன்ற செயல் ஒன்று நிகழ்ந்தது. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் நிறுத்தப்பட்டிருந்த பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு 1977இல் மீண்டும் நடத்தப்பட்டது. அத்தேர்வின் வழியாக முதலில் நுழைந்த 1977, 1978ஆம் ஆண்டுத் தொகுதி மாணவர்கள் நிதி திரட்டி, 1982இல் பழைய துணைவேந்தர் சாய் யுவான்பெய்க்கு ஏரியருகே சிலை வைத்தனர். பல்கலைக்கழகத்தில் எல்லாக் கருத்துகளுக்கும் இடம் வேண்டும் என்று வாதிட்டவர் சாய். பத்தாண்டுகள் கல்வி முடங்கியதைக் கண்ட தலைமுறை அவரைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

அன்றாட வாழ்வில் ஏரி

காலையில் கரையோர இருக்கைகளில் அமர்ந்து அயல்மொழிப் பாடங்களை உரக்கப் படிப்போர், மாலையில் ஏரியைச் சுற்றி ஓடுவோர், இணையாக நடப்போர் ஆகியோரை இங்கு எப்போதும் காணலாம். குளிர்காலத்தில் ஏரி முழுவதும் உறைந்துவிடும். பனிக்கட்டி போதிய தடிப்பை அடைந்ததும் அது சறுக்கு விளையாட்டுத் திடலாகிறது. யென்ச்சிங் காலத்திலிருந்தே தொடரும் வழக்கம் இது. உறைபனியைக் கண்டிராத தென்சீன மாணவர்கள் நீரின் மேல் நடக்கும் முதல் அனுபவத்தை இங்குதான் பெறுகின்றனர். ஜூனில் பட்டமளிப்பு அங்கி அணிந்தோர் கோபுரத்தின் நிழல் நீரில் விழும் இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.

மாணவர் இலக்கியத்திலும் ஏரிக்கு இடமுண்டு. 1979 முதல் 1983 வரை இங்குச் சட்டம் பயின்ற கவிஞர் ஹைசி 1989 மார்ச் 26 அன்று, 25 வயதில் உயிர் துறந்தார். அந்நாளை ஒட்டி ஆண்டுதோறும் மாணவர்கள் நடத்தும் கவிதை விழா "வெய்மிங்" என்ற பெயரையே தாங்குகிறது.

இன்றைய நிலை

ஏரியும் அதைச் சூழ்ந்த யென்ச்சிங் காலக் கட்டடங்களும் 2001இல் தேசிய அளவில் பாதுகாக்கப்படும் பண்பாட்டு மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. எனினும் ஏரியை உருவாக்கிய நீரூற்றுகள் இன்று இல்லை. பெய்ஜிங் நகரம் வளர வளர நிலத்தடி நீர் தாழ்ந்து, ஹைதியனின் ஊற்றுகள் வற்றின. இப்போது வெளியிலிருந்து நீர் கொண்டுவந்தே ஏரி நிரப்பப்படுகிறது. இயற்கையாகக் கிடைத்ததை இனி மனித முயற்சியே காக்க வேண்டியுள்ளது.

ஹேஷென்னின் செல்வம், இளவரசர்களின் உரிமை, மறைப்பணிச் சபைகளின் திட்டம் ஆகிய அனைத்தும் வரலாறாகிவிட்டன. தங்கள் பெயரைப் பொறிக்காமல் மாணவர்கள் சேர்த்துவைத்த ஒரு கல்மீனும், ஆசிரியர் ஒருவரின் சிலையும், இறந்த தோழிக்கு நட்ட ஒரு கல்லும் நிலைத்திருக்கின்றன. ஏரியின் பெயர் இன்னும் "சூட்டப்படாமலே" உள்ளது. ஆண்டுதோறும் செப்டம்பரில் அதன் கரைக்கு வரும் புதிய மாணவர்கள் தங்கள் வாழ்வால் நிரப்ப வேண்டிய இடமாக அப்பெயர் காத்திருக்கிறது.